பொன்னாடை வேண்டாம், கூலி பேசு

கலையை வளர்க்கிறோம் என்று சொல்லாத அமைப்பு தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. சபா வளர்க்கிறது, அரசாங்கம் வளர்க்கிறது, தொண்டு நிறுவனம் வளர்க்கிறது, சினிமாக் கம்பெனியும் வளர்க்கிறது. வளர்க்கிறவனெல்லாம் வளர்ந்துவிட்டான். அடிக்கிறவன் கைதான் காய்த்துப்போய்க் கிடக்கிறது.

ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற மலையாளிப் பழங்குடிகளும், அடிவாரச் சேரியிலிருந்து பறையோடு மேலே ஏறுகிற எங்களைப் போன்றவர்களும் வருஷக்கணக்காய்ப் பார்க்கிற கூத்து இது. விழா என்றால் வேன் வரும். பெரிய மனுஷன் காரிலிருந்து இறங்குகிறவரை வெயிலில் நின்று அடிக்கணும். மேடையில் ஏழு நிமிஷம். ஒரு துண்டு, ஒரு போட்டோ. கூலி எவ்வளவுங்க என்று கேட்டதற்கு ஒரு ஏற்பாட்டாளர் சொன்னார்: "உங்க கலைக்கு மரியாதை பண்றோம், நீ காசு காசுங்கிறியேப்பா!" அதே மேடைக்கு மைக்செட் கட்டியவரிடம் இப்படிப் பேசுவாரா?

சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சேரிகள் பறையைக் கீழே வைத்தது பெரிய கலகம். அடிபட்டு, ஊர்விலக்கம் பட்டு நடத்திய கலகம். மறுத்தது தோலையும் கட்டையையும் அல்ல, வெட்டியை. கூலி பேசாமல் அடிக்க வைத்தால் ஊர்த்தெருவிலும் அது வெட்டிதான், அலங்கார மேடையிலும் வெட்டிதான்.

சட்டத்தின் லட்சணத்தையும் பாருங்கள். 1969இல் தொடங்கிய அய்.பி.ஆர்.எஸ். அமைப்பு பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி வசூலித்துத் தருகிறது. இருக்கட்டும். களை பறிக்கையில் நம் ஆயாக்கள் பாடிய பாட்டுக்கு எழுதியவர் பேர் கிடையாதே? அதனால் அது அநாதைச் சொத்து. அதற்கு கீபோர்டு சேர்த்தவர் தன் இசைக்கோப்புக்கு உரிமையாளர். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் வருஷத் திருத்தம் இன்னும் அழகு: சினிமாவில் தற்செயலாய் வந்துபோய், தொழில் வழக்கப்படி டைட்டிலில் பேர் போடப்படாதவரை 'நிகழ்த்துநர்' என்று கருதவேண்டாமாம். பேர் போடாதது யார்? அதனால் உரிமை இழப்பது யார்?

2007இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் வந்தது. பிள்ளை படிப்புக்கு, கல்யாணத்துக்கு, கண்ணாடிக்கு, சாவுக்கு உதவித்தொகை உண்டு. வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்கத்தான் வேண்டும். ஆனால் அடிக்கிற நாளுக்கு என்ன கூலி? இயல் இசை நாடக மன்றத்தின் மாத உதவித் திட்டத்துக்குப் பேரே 'நலிந்த கலைஞர்'. நலிகிறவரை காத்திருக்கணும் போல.

சங்கம் வைத்தவர்கள் வேறு மாதிரி பேசினார்கள். சென்னையில் எம்.பி. சீனிவாசன் சினிமா வாத்தியக்காரர்களைத் திரட்டி யூனியன் கட்டினார். அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் "இனி ரிக்கார்டுக்கு வாசிக்க மாட்டோம்" என்று நிறுத்தியது. இரண்டு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. விற்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகையைக் கலைஞர்களுக்கு வேலை தருகிற நிதியில் கட்ட கம்பெனிகள் ஒத்துக்கொண்ட பிறகுதான் வாத்தியத்தைத் தொட்டார்கள். இதில் கலை எங்கே கெட்டது?

நீலம் 2020இல் தொடங்கிய மார்கழியில் மக்களிசை போல நாமே மேடை போடுவது நல்ல காரியம். மேடை மட்டும் போதாது. சபாவைத் திட்டுகிற வாயால் நம் இயக்கங்களையும் கேட்கணும், தோழர்களே. மாநாட்டுக்குப் பந்தல்காரருக்கு ரொக்கம், அச்சகத்துக்கு ரொக்கம், பறைக்குழுவுக்கு மட்டும் பஸ் செலவும் பிரியாணியுமா? "விடுதலைக் கலைக்கு விலை உண்டா தோழர்?" என்று ஒரு தலைவர் கேட்டார். அன்றைக்கு எங்களில் நாலு பேர் செங்கல் சூளைக் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கும் முன்னாடியே வந்து பேசுங்கள். நாங்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஒருநாள் கூலி, மலையிறங்கி ஏற வண்டி வாடகை, எட்டுப் பேர் பேரும் நோட்டீசில். எழுத்தில் கொடுத்தால் வருகிறோம்.