செடிக்கும் பொருத்தம் பாருங்கள்

கலசப்பாக்கத்து நண்பர் ஒருவர் வேலியோரம் வைக்க வெளிநாட்டுப் பூச்செடி ஒன்றை வாங்கி வந்து சிலாகித்தார்: "தண்ணீரே வேண்டாம், ஆடு மாடு வாய் வைக்காது, வருஷமெல்லாம் பூக்கும், கிளையை ஒடித்து நட்டாலும் பிழைக்கும்!"

அவர் அடுக்கிய ஒவ்வொரு புகழும் என் காதில் குற்றச்சாட்டாகவே விழுந்தது. அமெரிக்க வெப்பநாடுகளின் உண்ணிச்செடியும் இந்தப் பெருமைகளோடுதான் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் அழகுக்காக வைத்தார்கள். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காடுகாடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இன்று மேற்கே ஜவ்வாது மலையில் ஏறிப் பாருங்கள். புல் முளைக்க வேண்டிய இடத்தில் உண்ணிப் புதர். அதன் இலையோ மாட்டுக்கு நஞ்சு.

ஆஸ்திரேலியாவில் 1997 முதல், புதுச் செடியை நாட்டுக்குள் விடுமுன் 49 கேள்விகள் கேட்கிறார்கள். வேறெங்காவது களையாகியிருக்கிறதா? பறவை விதையைப் பரப்புமா? கால்நடைக்கு நஞ்சா? வெட்டினால் மறுபடி துளிர்க்குமா? நம் நண்பரோ அவற்றுக்கெல்லாம் விடையைத் தாமே சொல்லிவிட்டு, மகிழ்ச்சியோடு குழி தோண்டுகிறார்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், செடிக்கு விலைப் பொருத்தம் மட்டுமே பார்க்கிறோம். அழகுக்கு நான் விரோதி அல்ல. வேலியோரத்துக்கு நந்தியாவட்டை போதாதா? ஒருவர் வீட்டு அழகுக்கு ஒரு மலையே வாடகை கொடுக்க வேண்டுமா?