புதிய நிலமும் இரண்டு நாற்காலிகளும்

அமெரிக்காவின் அரசமைப்புச் சட்டம் பிலடெல்பியாவில் இன்னும் எழுதி முடிக்கப்படாத நேரம். 1787 ஜூலை 13 அன்று, நியூயார்க்கில் கூடியிருந்த பழைய காங்கிரஸ் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே கிடந்த பெருநிலத்துக்காக ஓர் ஆணையை நிறைவேற்றியது. வயதுவந்த சுதந்திர ஆண்கள் 5,000 பேர் சேர்ந்துவிட்டால் அந்தப் பகுதிக்கு ஒரு சட்டசபை. காங்கிரசுக்கு ஒரு பிரதிநிதியையும் அனுப்பலாம், அவர் பேசலாம், வாக்களிக்க முடியாது. சுதந்திரக் குடிகளின் எண்ணிக்கை 60,000 ஆனதும் அது முழு மாநிலம். முதல் 13 மாநிலங்களுக்கு எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. அடிமை முறைக்கு அங்கே இடமில்லை என்றும் ஆணை சொன்னது. நான்காண்டுகள் முன்புவரை பிரிட்டனோடு போரிலிருந்த ஒரு நாடு, தான் பிடிக்கும் நிலத்தைக் காலனியாக வைத்துக்கொள்ளாமல் சம பங்காளியாக்குவேன் என்று எழுதிக்கொடுத்தது அன்றைய உலகில் புதுமை. அந்தக் குடியரசு வேகமாக வளர்ந்ததற்கும், எழுபத்து நான்கு ஆண்டுகளில் இரண்டாகப் பிளந்ததற்கும் அந்த ஒரே விதிதான் காரணம் என்பது என் வாதம்.

பங்காளி என்று வந்துவிட்டால் பாகத் தகராறும் கூடவே வரும். பிரிட்டனோ பிரான்சோ ஒரு தீவைப் பிடித்தால் அதனால் லண்டனிலோ பாரிசிலோ ஆட்சிக் கணக்கு மாறுவதில்லை. அமெரிக்காவில் மாறியது. ஒவ்வொரு புது மாநிலமும் செனட்டில் இரண்டு நாற்காலிகளோடு உள்ளே வந்தது. 1803-இல் தாமஸ் ஜெபர்சன் 1.5 கோடி டாலருக்கு நெப்போலியனிடமிருந்து லூசியானாவை வாங்கினார். சுமார் 8.28 லட்சம் சதுர மைல். ஏக்கருக்கு மூன்று சென்ட்கூட ஆகவில்லை. வெளிநாட்டு நிலத்தை வாங்க அரசமைப்புச் சட்டம் தனக்கு அதிகாரம் தருகிறதா என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. நெப்போலியன் மனம் மாறிவிடுவாரோ என்ற அச்சத்தில் சந்தேகத்தை விழுங்கிக்கொண்டார். நெப்போலியன் விற்க முன்வந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், ஹைட்டியில் விடுதலை பெற்ற அடிமைகள் அவருடைய படையை நிலைகுலையச் செய்திருந்தது. அவர்களுடைய அந்த வெற்றிதான் மிசிசிப்பிக்கு மேற்கே அடிமை உழைப்பில் விளையும் வயல்களுக்கு வழிவிட்டது. வரலாற்றில் இதைவிடக் கசப்பான கொடுக்கல் வாங்கல் அதிகமில்லை.

அந்த நிலத்திலிருந்து மிசௌரி அடிமை மாநிலமாகச் சேரக் கேட்டபோது கணக்கு வெளிப்பட்டது. 1819 இறுதியில் அடிமை மாநிலங்கள் 11, அடிமையற்றவை 11. மக்கள்தொகையில் வடக்கு முந்திவிட்டதால் பிரதிநிதிகள் சபை தெற்கின் கைவிட்டுப் போயிருந்தது. அதற்கு அரண் செனட் ஒன்றுதான். 1820-இல் மாசசூசெட்ஸிலிருந்து மெய்ன் தனியாகப் பிரிக்கப்பட்டு மிசௌரிக்கு எடைக்கு எடையாக வைக்கப்பட்டது. லூசியானாவின் மிச்ச நிலத்துக்குக் குறுக்கே 36 பாகை 30 கலை வடக்கு அட்சரேகையில் ஒரு கோடும் கிழிக்கப்பட்டது; அதற்கு வடக்கே அடிமை முறை கூடாது. பங்காளிகளுக்கு நடுவில் வரப்புப் போட்டாயிற்று. அந்தக் கோடு போகாத இடத்தில் புது நிலம் வராத வரைக்கும் அமைதி.

சண்டைக்கு வேர் அடிமை முறைதானே, நிலத்தை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். வேர் அதுதான், மறுப்பில்லை. ஆனால் 1787-இலும் அடிமை முறை இருந்தது. இரு தரப்பும் அதைச் சகித்துக்கொண்டுதான் ஒரே நாடாயின. 1860 தேர்தலில் லிங்கனின் குடியரசுக் கட்சிகூடத் தென் மாநிலங்களில் அடிமை முறையை ஒழிப்பதாகச் சொல்லவில்லை. புதிய நிலங்களில் அது பரவக் கூடாது என்றுதான் சொன்னது. அதற்கே ஏழு மாநிலங்கள் அவர் பதவியேற்கும் முன்பே பிரிந்துபோயின. இடையில் நடந்தது மெக்சிகோ போர். 1848-இல் கலிபோர்னியா உட்பட மெக்சிகோவின் பெரும்பரப்பு கைக்கு வந்தது. 1820-இன் வரப்பு அந்த நிலத்துக்குப் பொருந்தவில்லை. 1850-இல் ஒரு சமரசம். 1854-இல் கான்சாஸில் குடியேறிகளே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று விட்டதில் அங்கே ரத்தம் சிந்தியது. 1857-இல் ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய வரப்பே செல்லாது என்றது. மெக்சிகோவில் இளம் அதிகாரியாகப் போரிட்ட யுலிசிஸ் கிராண்ட், உள்நாட்டுப் போர் பெருமளவு அந்தப் போரின் விளைவே என்று பிற்காலத்தில் எழுதினார்.

இன்னொரு மறுப்பு: ஐரோப்பியப் பேரரசுகளோடு ஒப்பிட்டால் இந்தச் சமத்துவம் தாராளமானது இல்லையா? குடியேறிய வெள்ளையருக்குத் தாராளம்தான். அதே 1787 ஆணை, பூர்வகுடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுப்பதில்லை என்றும் வாக்களித்திருந்தது. மாநிலமாவதற்கான தலைக்கணக்கு ஏற வேண்டுமென்றால் குடியேறிகளுக்கு நிலம் வேண்டும்; இருந்தவர்கள் போக வேண்டும். ஜார்ஜியாவில் செரோக்கியர் 1827-இல் தங்களுக்கென்று அரசமைப்புச் சட்டமே எழுதிக்கொண்டார்கள். மறு ஆண்டு சொந்த எழுத்தில் வார இதழ் ஒன்றையும் தொடங்கினார்கள். குடியரசு எதைப் பெருமையாகச் செய்ததோ அதையே அவர்களும் செய்தார்கள். 1830-இல் பூர்வகுடி வெளியேற்றச் சட்டம் பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97 என்ற கணக்கில் நிறைவேறியது. 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கியர் பக்கம் தீர்ப்பளித்தும் பயனில்லை. 1838-39-இல் படையால் மேற்கே விரட்டப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் வழியிலும் முகாம்களிலும் மடிந்தார்கள்.

புது நிலத்தைச் சம மாநிலமாக்கும் அந்த விதி உள்நாட்டுப் போருக்குப் பின் ஒழிந்துவிடவில்லை. ஆனால் 1898-இல் ஸ்பெயினிடமிருந்து பியூர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் கைக்கு வந்தபோது கதை மாறியது. அரசமைப்புச் சட்டம் இந்தத் தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்தாது என்று 1901-இலிருந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புகள் தந்தது. பியூர்ட்டோ ரிக்கோவில் இன்று முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 1787 ஆணை கேட்ட தலைக்கணக்கைப்போல ஐம்பது மடங்கு. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். காங்கிரசில் அவர்களுக்கு ஒரு பிரதிநிதி இருக்கிறார். அவையில் அவர் பேசலாம். சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை.