மூன்று கிழங்கும் ஒரு களையும்

ஒரு தேசத்தின் பழமையை அறிய விரும்புவோர் அதன் கோட்டைகளையும் சிலைகளையும் காணச் செல்வதுண்டு. நாமோ அடுப்பங்கரைக்குச் செல்வதையே சிலாக்கியமென்று கருதுகிறோம். ஆகவே இவ்வாரம் நேயர்களைத் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியா தேசத்தின் தலைநகரான பொகோட்டாவுக்கு அழைத்துச் செல்கிறோம்.

ஆண்டீஸ் மலைத்தொடரின் மேட்டுச் சமவெளியில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளது அந்நகரம்; நமது உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். வருஷம் முழுவதும் குளிர்தான். அந்தக் குளிருக்கு உகந்ததாக அவ்வூர்க் குடும்பங்கள் சமைக்கும் பதார்த்தத்துக்கு 'அஹியாக்கோ' என்று பெயர். அது ஒரு கெட்டியான கிழங்குச் சாறு. 'அஹி' என்பது கரீபியத் தீவுகளின் பழங்குடிகள் மிளகாய்க்கு இட்டிருந்த பெயர். ஆயினும் பொகோட்டாவில் இச்சாற்றுடன் மிளகாயை வேகவைக்கும் வழக்கம் இல்லை. பெயரில் மட்டுமே காரம் உண்டு!

இதற்கு வேண்டியவை மூவகை உருளைக்கிழங்குகள். 'சபனேரா' வெந்தாலும் உருக்குலையாது. 'பஸ்தூசா' பாதி கரைந்து பாதி நிற்கும். 'கிரியோயா' என்னும் சிறிய மஞ்சள் கிழங்கோ முற்றிலும் கரைந்து, சாற்றுக்குக் கெட்டித்தன்மையையும் பொன்னிறத்தையும் அளிக்கும். இம்மூன்றாவது கிழங்கை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது. தோண்டிய சில நாட்களிலேயே முளைவிடத் தொடங்கிவிடும்.

செய்முறை எளிது. ஆறு பேருக்கு ஒரு கிலோ கோழி இறைச்சியை வெங்காயத்தாள், பூண்டு, கொத்தமல்லிக் கட்டு, உப்பு ஆகியவற்றுடன் மூன்று லிட்டர் நீரில் வேகவைக்க வேண்டும். வெந்ததும் கோழியை எடுத்து நார் நாராகப் பிய்த்து வைத்துக்கொண்டு, தழைகளை நீக்கிவிடலாம். பிறகு அரைக் கிலோ சபனேராவையும் அரைக் கிலோ பஸ்தூசாவையும் வில்லைகளாக நறுக்கி, மக்காச்சோளக் கதிர்த் துண்டங்களுடன் போடவேண்டும். சற்றுப் பொறுத்து அரைக் கிலோ கிரியோயா. அது கரைந்து சாறு தடித்த பின், இறக்குவதற்குக் கால் மணி முன்பாக, ஒரு பிடி உலர்ந்த 'குவாஸ்கா' இலை. வெண்ணெய்ப் பழம், பாலேடு, காடியில் ஊறிய கேப்பர் மொட்டு ஆகியவற்றைத் தனிக் கிண்ணங்களில் வைத்துவிடுவார்கள். அவரவர் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றுள் குவாஸ்கா இலைதான் உயிர்நிலை. அதில்லாவிடில் அது வெறும் கிழங்குச் சாறென்றே பொகோட்டாவாசி சொல்லிவிடுவார். அந்த இலைக்குரிய செடியோ உலகெங்கும் பரவிக் கிடக்கும் ஒரு களை! தாவர நூலார் அதைக் 'கலின்சோகா' என்பர். நமது நீலகிரியின் உருளைக்கிழங்குத் தோட்டங்களிலும் அது முளைக்கிறது. உழவர் பிடுங்கி எறிகின்றனர். (அன்பர்கள் தாவரம் அறிந்தவர் துணையின்றி எந்தக் களையையும் சட்டியில் இடவேண்டாம்.)

இனி இச்சாற்றின் சரித்திரத்தைக் கேளுங்கள். அந்தச் சமவெளி 'முயிஸ்கா' மக்களின் பூர்விக நிலம். 1537-ஆம் வருஷத்தில் ஸ்பானியர் அங்கே படையெடுத்து வந்தனர். உருளைக்கிழங்கை முன்பின் அறியாத அவர்கள், மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானின் பெயரால் அதை அழைத்தனர். நாடு கைமாறியது, மதம் மாறியது. 1770-இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ், குடிகளின் சொந்தப் பாஷைகள் ஒழியவேண்டுமென்று ஆணையும் பிறப்பித்தார். முயிஸ்கா பாஷை பேச்சு வழக்கிழந்தது. பள்ளிக்கூடத்தில் பாஷை கற்பிக்கும் நமக்கு இச்செய்தி நெஞ்சைச் சுடுகிறது. அம்மக்களின் வழிவந்தோர் இன்றும் பொகோட்டாவிலும் அண்டை ஊர்களிலும் வாழ்கின்றனர்; மறைந்த பாஷையை மீட்கவும் சிலர் முயல்கின்றனர்.

ஆனால் எந்த அரசரும் அடுப்பங்கரைக்கு ஆணை அனுப்பவில்லை. அங்கிருந்த பெண்மணிகள் வந்தவற்றைத் தள்ளவுமில்லை, இருந்தவற்றை விடவுமில்லை. கோழியும் பாலேடும் கேப்பர் மொட்டும் கடல் கடந்து வந்தவை. கிழங்கும் சோளமும் வெண்ணெய்ப் பழமும் குவாஸ்காவும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. ஏட்டில் எழுதாமல், தாய் மகளுக்குக் கைப்பழக்கமாகக் கொடுத்துவந்த இந்தக் கல்வி மட்டும் அறுபடவில்லை. பிற தேசங்களில் குடியேறிய கொலம்பியர்கூட உலர்ந்த குவாஸ்காவைத் தேடி வாங்கி இச்சாற்றைச் சமைக்கின்றனர். கிரியோயா கிடைக்காத ஊரில், மாவுத்தன்மையுள்ள கிழங்கைக் குழைத்துச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

நம் பாட்டிமார் வேலியோரத்தில் பறித்துச் சமைத்த கீரைகளுள் எத்தனைக்கு நம் பிள்ளைகள் பெயர் சொல்வார்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலுள்ள முதியவரிடம் ஒன்றையேனும் கேட்டறிந்து, அதை அன்றே அடுப்பில் ஏற்றும்படி நேயர்களை வேண்டிக்கொள்கிறோம்.