தேடினால் கிடைக்குமா?

“ஃபைல்களை அடுக்கி வைப்பதெல்லாம் பழைய காலத்து வேலை, சார். எங்கே போட்டால் என்ன? தேடினால் கிடைத்துவிட்டுப் போகிறது!”

இப்படி ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார். படித்தவர், கெட்டிக்காரர், கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் கை நிறையச் சம்பாதிக்கிறவர். அவருடைய திரையைப் பார்த்தேன். கல்யாண வீட்டு வாசலில் செருப்புகள் கிடக்கிற மாதிரிக் கிடந்தன ஃபைல்கள். அவரவர் செருப்பை அவரவர் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். ஆனால், செருப்புக்கு உடையவன் திரும்பி வராமலே போய்விட்டால்?

அவர் ஒருவருடைய அபிப்பிராயமாக இருந்தால் நான் சிரித்துவிட்டு வந்திருப்பேன். இது இன்று ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. 1981-ல் ஸெராக்ஸ் கம்பெனி ‘ஸ்டார்’ என்ற கம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, காகிதம், காகிதம் வைக்கும் உறை என்று ஓர் ஆபீஸ் மேஜையையே திரையில் சித்திரமாக வரைந்து காட்டினார்கள். மனிதன் தன் காகிதங்களைத் தானே பிரித்து வைப்பான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. 2004-ல் ஜிமெயில் வந்தது. கடிதங்களைப் பிரித்து வைக்க வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்பதையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அடுத்த வருஷமே ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் ‘ஸ்பாட்லைட்’ என்ற தேடும் வசதி வந்து சேர்ந்தது. அன்று முதல் அடுக்கி வைக்கிறவன் பத்தாம்பசலி; இறைத்துப் போடுகிறவன் நவீனன்!

தேடும் வசதியை நான் பழிக்கவில்லை. நானும் தினம் பத்துத் தடவை அதன் தயவில்தான் பிழைக்கிறேன். ஆனால், தேடுகிறவனுக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொருள் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதன் பெயரோ, அதற்குள் இருக்கும் ஒரு சொல்லோ தெரிந்திருக்க வேண்டும். இவை இரண்டும் யாருக்குத் தெரியும்? வைத்தவனுக்குத் தெரியும். அதுவும் அவன் மறக்கிற வரையில். அல்லது இருக்கிற வரையில்.

என் நண்பர் ஒருவர், என்னைப் போலவே கதை எழுதுகிறவர், ஒரு நாவலை முடித்துவிட்டதாக என்னிடம் சொன்ன சில வாரங்களில் காலமானார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். “அண்ணா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. எது அவர் முடித்த கதை என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றார். கம்ப்யூட்டரைத் திறந்தேன். ‘நாவல்’, ‘நாவல் புதியது’, ‘நாவல் கடைசி’, ‘கடைசிக்குக் கடைசி’, ‘இதுதான் சரி’, ‘இதுதான் சரி 2’... இப்படிப் பதினான்கு ஃபைல்கள்!

கதாநாயகி மரகதத்தின் பெயரைக் கொடுத்துத் தேடினேன். ஒன்றுமே இல்லை என்றது இயந்திரம். பதினான்கு ஃபைல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் அவள் இருக்கிறாள். இயந்திரத்துக்கு அவளைத் தெரியவில்லை. காரணம் சாதாரணமானது. 1990-களில் நாம் தமிழுக்குப் பயன்படுத்திய எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தியவை. நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளே பொருளற்ற ஆங்கிலம். பிறகு யூனிகோடு பரவியது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது. நண்பரோ கை பழகிவிட்டது என்று கடைசி வரையில் பழைய எழுத்துருவிலேயே எழுதினார். இன்றைய தமிழில் கேட்டால் அன்றைய தமிழ் பதில் சொல்வதில்லை.

தேதியைப் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்தேன். அப்பா போன துக்கத்தில் பையன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பத்திரமாகச் சேமித்து வைத்திருக்கிறான். அந்த நல்ல காரியத்தினால் பதினான்குக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது. ஒன்றில் மரகதம் வீடு திரும்புகிறாள்; இன்னொன்றில் திரும்பவில்லை. எது அவருடைய முடிவு? எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாளிடம் ‘இதுதான்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தார். புத்தகங்களை வகைப்படுத்துவதற்கென்றே புதிய முறை ஒன்றை வகுத்து 1933-ல் வெளியிட்டார். வேலை இல்லாமலா செய்தார்? வகை பிரித்து அடுக்கிய அலமாரிக்கு ஒரு குணம் உண்டு. ஒரு புத்தகத்தை எடுக்கப் போனால் அதன் பக்கத்துப் புத்தகமும் கண்ணில் படும். தேடும் இயந்திரம் கேட்டதைக் கொடுக்கும். அலமாரி, கேட்கத் தெரியாததையும் கொடுக்கும். அதுவும் முன்பின் தெரியாத ஒருவனுக்குக் கொடுக்கும்.

“இப்போது இயந்திரம் முகத்தையே அடையாளம் கண்டுகொள்கிறது, சார்” என்கிறார் இளைஞர். கண்டுகொள்ளட்டும். ஐயாயிரம் படங்களிலிருந்து அம்மாவின் முகத்தைப் பொறுக்கி எடுத்துத் தரட்டும். ஆஸ்பத்திரிக்குப் புறப்படுவதற்கு முன் வாசல் திண்ணையில் எடுத்த படம் எது என்பதை, சொன்னால் ஒழிய அது எப்படி அறியும்? சொல்லுவதற்கு எத்தனை நேரம் ஆகும்? நாலு சொல், கால் நிமிஷம்.

நான் யாரையும் தவம் செய்யச் சொல்லவில்லை. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பாதாளம் வரையில் தோண்டுகிறவர்களும் என் கட்சி இல்லை; அவர்களும் இதே மாதிரிதான் தொலைக்கிறார்கள். சில பெரிய பிரிவுகள் போதும். முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள், அதன் பின் விஷயம்: ‘2024-03-15 மரகதம், முடிவு, அச்சுக்கு’ என்று ஃபைலுக்குப் பெயர் வையுங்கள். பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். பழைய எழுத்துருவில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அதற்குக் கருவிகள் இருக்கின்றன.

அதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நேரம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. நீங்கள் கால் நிமிஷமாகக் கொடுக்கலாம். அல்லது உங்கள் வீட்டார் ஒரு நாள் யாரையோ கூப்பிட்டனுப்பி, பக்கத்தில் உட்கார்ந்து, திரையையே பார்த்துக்கொண்டிருக்கலாம்.