ஒற்றைச் சக்கரமும் உயர்ந்தோர் ஏளனமும்

"வன்னியில் குடிதண்ணீருக்கே வழியில்லை, அங்கே மின்சாரத்தில் ஓடும் ஒற்றைச் சக்கரம் யாருக்கு வேண்டும்?" என்று கேட்கின்றனர் நம் கனவான்கள். குடிதண்ணீர்ப் பிரச்சினை அவர்கள் நினைவுக்கு வருவது இத்தகைய வேளைகளில் மட்டுமே என்பதையும், குளிரூட்டிய மோட்டார் வாகனத்திலிருந்து இறங்காமலே அவர்கள் இவ்வினாவைத் தொடுக்கின்றனர் என்பதையும் வாசகர் மறந்துவிடலாகாது.

அவர்கள் ஏளனம் செய்யும் அப்பொருள் யாது? நம் மாணவர் கைபேசித் திரையிலே அதனைக் கண்டு வியந்திருக்கின்றனர். ஒரேயொரு சக்கரம், அதன் இரு பக்கத்திலும் பாதம் வைப்பதற்கு இரு தட்டுகள். இருக்கை இல்லை, கைப்பிடி இல்லை. மோட்டார் சக்கரத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது; அதனருகே மின்கலம். ஏறி நிற்பவன் முன்னே சாய்ந்தால் சக்கரம் முன்னே விரைகிறது. பின்னே சாய்ந்தால் வேகம் தணிந்து நிற்கிறது. முன்னும் பின்னும் விழாமற் காக்கும் பொறுப்பு பொறியினுடையது. சாய்வை இடையறாது அளந்து மோட்டாருக்கு ஆணையிடும் நுண்கருவி அப்பொறுப்பை ஏற்கிறது. பக்கவாட்டில் விழாமற் காக்கும் பொறுப்போ மனிதனுடையது. பொறியும் மனிதனும் பாதிப் பாதியாக வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வொப்பந்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2011 அளவில் ஷேன் சென் என்பவர் அமெரிக்காவில் 'சோலோவீல்' என்னும் பெயரில் இதனைச் சந்தைக்குக் கொணர்ந்தார். பின்னர் சீனத் தொழிற்சாலைகள் இதனைப் பல வடிவங்களிற் பெருக்கின. மேனாட்டு நகரங்களில் இதில் ஏறி வேலைக்குச் செல்கின்றனர். மரக்கறி வாங்கி வருகின்றனர். மாலையில் யாதொரு காரணமுமின்றி, வெறும் மகிழ்ச்சிக்காகவும் சுற்றி வருகின்றனர்.

'வெறும் மகிழ்ச்சிக்காக' என்ற இச்சொல்லே நம் கனவான்களின் தொண்டையிற் சிக்கிய முள். உழைப்பவன் ஓட வேண்டுமாம். ஓட்டத்தில் அவனுக்கு இன்பம் இருக்கக் கூடாதாம். ஏழையின் வாகனம் பாரம் சுமக்கத்தான் என்பதும், களிப்பு வாகனத்துக்கு வரி கட்டக்கூடியவனுக்கே உரியது என்பதும் எழுதப்படாத சட்டங்கள். இச்சட்டத்தை எழுதியோர் யார் என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறு சக்கரத்தைப் பற்றி வன்னிக்குப் பிறர் வந்து பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகிய பின்னர் இந்நிலத்தை இயக்கியது சைக்கிள்தான். எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, வானொலிக்கு இடும் சிறு பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவில் எழுந்த மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை அது. மோட்டார்ச் சைக்கிள் வைத்திருந்தோர் சில துளி பெற்றோலை ஊற்றிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினர். நோயாளியும் நெல்மூட்டையும் விறகும் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது மக்கள் உருட்டி வந்ததும் சைக்கிளையே. அவர்களிற் பலர் பின்னர் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலிற் கைவிடப்பட்டுத் துருவேறிக் குவிந்து கிடந்தவற்றுள்ளும் சைக்கிள்கள் எத்தனை! எவரும் எண்ணவில்லை.

அந்த நாட்களிலும் பிள்ளைகள் குளக்கட்டிலே இரு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டினர். ஷெல் விழும் ஊரிலே களிப்புக்கு இடம் இருந்தது. கனவான்களின் கருத்தரங்கிலேதான் அதற்கு இடம் இல்லை.

போர் முடிந்தது. மீள்குடியேறியோருக்கென இந்திய அரசு வடமாகாணத்துக்கு 10,000 சைக்கிள்களை வழங்கியது. நல்ல காரியம். ஆயினும் அச்சைக்கிள்கள் வந்த அதே வீதியால் குத்தகைக் கம்பனிகளும் வந்தன. சிறு முற்பணம், அடையாள அட்டைப் பிரதி, இரண்டு பிணையாளர். மோட்டார்ச் சைக்கிள் வீட்டு முற்றத்தில். தவணை தவறினால் வண்டியைப் பறித்துச் செல்ல ஆட்கள் வந்தனர். வயல் அழிந்த ஆண்டிலும் தவணை அழியவில்லை. இவ்வாறு கடன் வலை விரிக்கப்பட்டபோது கூடவே ஒரு கருத்தும் விதைக்கப்பட்டது: சைக்கிள் ஓட்டுபவன் தோற்றவன். மாப்பிள்ளைக்கு மோட்டார்ச் சைக்கிள் கேட்கும் சீதனப் பேச்சிலும், சைக்கிளில் வரும் ஆசிரியரைப் பார்த்துப் பெற்றோர் உதிர்க்கும் புன்னகையிலும் அக்கருத்து முளைவிட்டது. கடன் கொடுப்பவனுக்கு இதனினும் சிறந்த விளம்பரம் ஏது?

2022 வந்தது. ஜூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எவருக்கும் எரிபொருள் இல்லையென அரசு அறிவித்தது. பின்னர் அட்டை முறை வந்து, மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரமொன்றுக்கு 4 லீற்றர் என்று அளந்து ஊற்றப்பட்டது. இகழப்பட்ட சைக்கிளைத் தேடி நாடே ஓடியது. அதன் விலையோ விண்ணைத் தொட்டது. அவ்வாண்டிலேயே, வங்கி வழியாக டொலர் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளருக்கு மின் வாகனம் இறக்குமதி செய்யும் உரிமத்தையும் அரசு வழங்கியது. டொலருக்குக் கிடைத்த அவ்வுரிமம், பழைய சைக்கிளுக்கு ஒரு மோட்டாரும் மின்கலமும் பூட்ட விரும்பிய விவசாயியின் மகனுக்கு எட்டவில்லை. மீண்டும் பெற்றோல் தாராளமாக வந்தது, எல்லாம் மறக்கப்பட்டது. நம் மறதிக்கும் ஒரு பரிசு கொடுக்கலாம்.

நிற்க. மகிழ்ச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். 1991ஆம், 1992ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தறிவித்தது. அக்காலத்து மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். வயற்கூலிகளும் கல்லுடைக்கும் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளரும் ஆயிரமாயிரமாக ஓட்டப் பழகினர். பொதுக் காட்சிப் போட்டிகளில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தங்கள் ஓட்டுந் திறனைக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாயிநாத் பதிவு செய்துள்ளார். சைக்கிளால் நேரம் மிச்சமாயிற்று. சந்தைக்குச் செல்லப் பேருந்துக்கும் கணவனுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வருமானமும் சற்று உயர்ந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால் பெண்களை முதலிற் பிடித்து ஆட்டியது கணக்கு அன்று. தன் காலால், தன் விருப்பப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் இன்பம். ஆண்கள் நகைத்தனர், இழிசொல்லும் உதிர்த்தனர். பெண்கள் ஓட்டிக்கொண்டேயிருந்தனர். அலுவலும் களிப்பும் ஒரே சக்கரத்தின் இரு பக்கங்கள் என்பதை அவர்கள் எந்த நூலையும் படித்து அறிந்துகொள்ளவில்லை.

"இருக்கலாம். ஆனால் ஒற்றைச் சக்கரம் பணக்காரப் பையன்களின் விளையாட்டுப் பொருள் அன்றோ? வன்னியிலோ ஒரு காலை இழந்தோர் எத்தனை பேர்! அவர்கள் முன்னிலையில் இதைப் பற்றிப் பேச வெட்கமில்லையா?" என்று அடுத்த அம்பு வருகிறது. இது கூர்மையான அம்பு. எய்தவர் கையையே அது திரும்பித் தைக்கும்.

தன்னைத் தானே சமநிலைப்படுத்தும் வண்டிக் கலையைப் புகழ்பெறச் செய்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் டீன் கேமன். 2001 டிசம்பரில் அவர் அறிமுகம் செய்த இருசக்கரச் 'செக்வே' வண்டியை உலகம் வேடிக்கை பார்த்தது; காவலரும் உல்லாசப் பயணிகளும் அதில் ஏறித் திரிந்தனர். ஆனால் அதற்கு முன்னரே, 1990களில், அதே சமநிலைக் கலையைக் கொண்டு அவர் உருவாக்கத் தொடங்கியது எதனை? 'ஐபாட்' என்னும் சக்கர நாற்காலியை! நடக்க இயலாதவர் அதில் அமர்ந்து படியேறலாம். நாற்காலியை இரு சக்கரத்தில் நிமிர்த்தி, நிற்பவரோடு கண்ணுக்குக் கண் நோக்கிப் பேசலாம். கால் இழந்தோரின் தேவையை முன்னிட்டு வளர்ந்த கலையே பின்னர் களிப்பு வண்டியாகச் சந்தைக்கு வந்தது. இன்றைய ஒற்றைச் சக்கரத்தை நிமிர்த்தி வைத்திருப்பதும் அதே இனத்துக் கலைதான். அந்நாற்காலியின் கதி என்னாயிற்று? விலை 20,000 டொலருக்கு மேல், வாங்குவோர் போதவில்லை, இலாபம் காணாத கம்பனி 2009இல் அதனை நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் கழித்தே புதிய வடிவில் அது மீண்டும் வந்தது. 2009! வன்னியில் எத்தனையோ பேர் கால்களை இழந்த அதே ஆண்டு. சந்தை எவருடைய கால்களை எண்ணிப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய ஆண்டுக்குறிப்பு வேண்டுமா?

ஆகவே விளையாட்டுப் பொருளை நோக்கி விரலை நீட்டுவதால் ஆவது ஒன்றுமில்லை. கையால் மிதித்து முச்சக்கர நாற்காலியிற் செல்லும் ஒருவரின் தோளிலிருந்து அப்பாரத்தை இறக்கவல்ல மோட்டாரும், இளைஞன் களித்துத் திரியும் ஒற்றைச் சக்கரத்தின் மோட்டாரும் ஒரே இனத்தவை. மின்கலமும் அவ்வாறே. ஒன்று மலிந்தால் மற்றதும் மலியும். ஒன்றைத் திருத்தக் கற்றவன் மற்றதையும் திருத்துவான். களிப்பைத் தடைசெய்தால் நாற்காலி மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணுவோர் பொருளியலை எங்கே கற்றார்களோ!

இவ்வண்டியைத் தெய்வமாக்கும் எண்ணம் எனக்கில்லை. சிறியது ஒன்றின் விலையே பல நூறு டொலர்; பெரியவை 2,000 டொலரையும் தாண்டும். அளவுக்கு மீறி விரட்டினாலும் மின்கலம் வற்றினாலும் மோட்டார் கைவிட்டுவிடும்; ஏறியவன் முகங்குப்புற விழுவான். தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இன்றி ஏறுவது மடமை. வன்னியின் கிரவல் ஒழுங்கையில், மாரிகாலச் செஞ்சேற்றில், ஒடுங்கிய ரயர் புதையும். மின்கலத்துக்கு வேண்டும் கொபோல்ற்றின் பெரும்பகுதி கொங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குழந்தைகளும் மண் தோண்டுகின்றனர். அந்தக் கொடுமையைக் காட்டிச் சிறு சக்கரத்தை மறுப்போர், அதனினும் பன்மடங்கு மின்கலத்தைச் சுமக்கும் பெரிய மின்கார்களைப் பற்றி வாய்திறப்பதில்லை என்பதையும் குறித்துக்கொள்க.

பாரிஸ் மாநகரத்தையும் எனக்கு எடுத்துக்காட்டுவர். 2023 ஏப்ரலில் அங்கு நடந்த வாக்கெடுப்பில் வாடகை மின் ஸ்கூட்டர்களை அகற்ற வேண்டுமென ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வாக்களித்தனர். ஆண்டு முடியுமுன்னே அவை அகற்றப்பட்டன. வாக்களிக்க வந்தோர் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு என்பதை மட்டும் சொல்லாது விடுவர். அன்றியும், விரட்டப்பட்டவை நடைபாதையெங்கும் வண்டிகளைக் கொட்டி நிமிடக் கணக்கில் காசு கறந்த கம்பனிகளின் வண்டிகள். சொந்தமாக வண்டி வைத்திருப்பவன் இன்றும் ஓட்டுகிறான். ஒற்றைச் சக்கரம் உள்ளிட்ட இச்சிறு மின்வண்டிகளை 2019இலேயே பிரான்ஸ் தன் வீதிச் சட்டத்தில் ஏற்று, மணிக்கு 25 கிலோமீற்றர் என வேகத்தையும் வரையறுத்தது. இங்கே நம் மோட்டார் வாகனச் சட்டமோ 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். அது இயற்றப்பட்ட நாளில் இத்தகைய வண்டி எவர் கனவிலும் இல்லை. இடையிடையே திருத்தங்கள் வந்தன. ஆயினும் அதன் உள்ளத்தில் வீற்றிருப்பது பெரிய வாகனமே.

வீதியைப் பாருங்கள். போருக்குப் பின்னர் ஏ-9 வீதி அகலமாக, வழவழப்பாகப் புதுப்பிக்கப்பட்டது. சொகுசுப் பேருந்துகள் இரவிலே பறக்கின்றன. அதே வீதியின் ஓரத்தில் வெள்ளைச் சட்டையணிந்த பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குச் செல்கின்றனர். அவர்களுக்கெனத் தனி வழி இல்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியிலும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குச் செல்லும் வீதியிலும் பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து உட்கிராமத்துக்கு நாலைந்து கிலோமீற்றர் நடப்போர் உளர்; அவர்களுள் ஆசிரியைகள் பலர். மலையில்லாத சமதரை, இரணைமடுவிலிருந்தும் முத்தையன்கட்டிலிருந்தும் கிளைத்தோடும் வாய்க்கால்கள், அவற்றின் கரையெல்லாம் இயற்கையாய் அமைந்த தனிவழிகள். சிறு சக்கரத்துக்கென்றே படைக்கப்பட்ட நிலம் இது. ஓர் அலகு மின்சாரம் இருந்தால் இத்தகைய சக்கரம் நாற்பது கிலோமீற்றர் வரை ஓடும். பளைப் பகுதியிலே காற்றாலைகள் சுழல்கின்றன. அவற்றின் நிழலிலே பிள்ளைகள் கால்கடுக்க நடக்கின்றனர்.

நாம் கேட்க வேண்டியவை கேட்க இயலாதவை அல்ல. வாய்க்காற் கரைகளைக் கொங்கிறீற் இட்டுச் சிறு சக்கரங்களுக்கு ஒதுக்குக. ஏ-9 ஓரத்தில் பாடசாலை உள்ள இடங்களிலேனும் தடுப்புக் கட்டிய தனிவழி அமைக்குக. வேகமும் எடையும் வரையறுத்துச் சிறு மின்வண்டியைச் சட்டத்தில் ஏற்றுக்கொள்க. சொகுசு வாகனத்துக்குச் சலுகை கொடுக்க மனம் வரும்போது, சைக்கிளில் பூட்டும் மோட்டாரிலும் மாற்றுத்திறனாளியின் நாற்காலிக்குரிய மின்கலத்திலும் தீர்வையை நீக்குக.

அரசு செய்யும் வரை கைகட்டி இருக்க வேண்டியதுமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. 2013இலிருந்து நம் பாடசாலைகளிலே உயர்தரத் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. ஆண்டுதோறும் மாணவர் செய்முறை வேலைக்கென ஏதோவொரு மாதிரியைச் செய்து, புள்ளி பெற்று, அலுமாரியில் தூசு படிய வைத்துவிடுகின்றனர். அடுத்த தவணையில், ஊரில் கையால் மிதிக்கும் முச்சக்கர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அதற்கு மோட்டார் பூட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். பூட்டி முடித்ததும் மாணவர் தாமே அதில் ஏறி மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவர், சத்தம் போடுவர், அதிபர் யன்னலால் எட்டிப் பார்ப்பார். சுற்றட்டும். பிரேக்கைச் சரிபார்ப்பதற்கும் அதுவே வழி.