பாலம் வந்தாலும் துறையடி வேண்டும்



ஆவணியில் மண்டூர்க் கந்தனுக்குத் திருவிழா என்றால் குருமண்வெளித் துறையில் சனம் நெரியும். மோட்டார் சைக்கிளும் கைக்குழந்தையும் அருச்சனைத் தட்டுமாகப் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, மட்டக்களப்பு வாவியைக் கடந்து மேற்குக் கரையான படுவான்கரைக்கு வருவார்கள். பாதை ஓடாவிட்டால் களுவாஞ்சிகுடி, பட்டிருப்புப் பாலம், வெல்லாவெளி என்று சுற்றித்தான் மண்டூருக்கு வரவேண்டும்.

இந்தத் துறைக்குப் பாலம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஜப்பானின் உதவியோடு 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபோது, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்கள் அடைந்த ஆறுதல் பெரிது. நடுநிசியில் பிரசவவலி கண்ட பெண்ணைப் பாதைக்காகக் காத்திருக்க வைத்த கரை அது. ஆனால் பாலம் வந்தால் துறையடியைக் கைவிட்டுவிடலாம் என்று நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். தோணி கட்டும் இடமும் மீன் விற்கும் இடமும் அதுதானே. பின்னேரம் பெரியவர்கள் ஊர்க்கதை பேசுவதும் அங்கேதான்.

மட்டுநகரில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கல்லடியில் 2013இல் புதுப்பாலம் திறந்த பிறகும், 1924இல் கட்டிய லேடி மனிங் பாலத்தை இடிக்காமல் வைத்திருக்கிறோம். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய புளியந்தீவுக் கரையோரம் இன்று காந்தி பூங்கா. கைச்செலவு இல்லாமல் ஒரு குடும்பம் அங்கே வாவிக் காற்று வாங்கலாம். அப்படியொரு இடம் படுவான்கரைப் பிள்ளைகளுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? நிழல் தரும் கொட்டகை, குடிநீர், பெண்கள் அச்சமின்றிப் போகக்கூடிய கழிப்பறை, முதியவர்கள் பிடித்து இறங்கக் கைப்பிடியுள்ள படி, இரவில் வெளிச்சம். இவ்வளவு இருந்தாலே துறையடி மாறிவிடும்.

துறையோரத்தில் வீடுகள் கட்டுவது என்று வரும்போது கொஞ்சம் பயப்படுகிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்றார்கள். பின்னர் அதைத் தளர்த்தினார்கள். அதற்குள் கடலோர நாவலடிச் சனங்கள் பலர் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் திராய்மடுவுக்குப் போயிருந்தார்கள். உயிர் தப்பியவர்களுக்குக் கல்வீடு கிடைத்தது நல்ல காரியம். ஆனால் வலையும் தோணியும் ஓரிடத்தில், அடுப்பும் பிள்ளைகளும் வேறிடத்தில் என்றால் மீனவன் வீடு எப்படி நடக்கும்? இரவில் வலை போட்டு, விடியுமுன் இழுத்து, ஐஸ் கரைவதற்குள் விற்கவேண்டியவன் அவன். துறையோரத்தில் புதுவீடு எழுந்தால் முதல் சாவி அந்தத் துறையில் தொழில் செய்பவர் கைக்குப் போகட்டும். கரை அழகானதும் காணி விலை ஏறும். அந்த விலை பழைய குடிகளைத் துரத்தாதிருக்க, காணி உறுதிகளைச் சீர்செய்யும் வேலை முதல் கல் நடுவதற்கு முன்பே முடியவேண்டும்.

இன்னொன்று, வாவியின் குணம். மாரியில் மலைப்பக்க வெள்ளம் இறங்கிப் படுவான்கரை வயலெல்லாம் நிறையும்போது முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது நம் வழமை. அந்த நீர் ஏறியிறங்க இடம்விடாமல் கரை நெடுகக் கொங்கிறீட் சுவர் கட்டினால், தண்ணீர் அடுத்தவன் வளவுக்குள் போகும். கரையோரக் கண்டல் மரங்களையும் தில்லை மரங்களையும் வெட்டிப் பூங்கா போடுவதும் வேண்டாம். இறால் குஞ்சு வளர்வது அந்த வேர்களுக்குள்தான். தில்லைப்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, உண்மைதான். நடைபாதையைச் சற்றுத் தள்ளிப் போட்டால் போதும். மண்டூர் முருகன் கோயில் கொண்டதும் தில்லை மரங்களுக்கிடையில் என்றல்லவா நம் முன்னோர் சொல்லி வந்தார்கள்!

உங்கள் ஊர்த் துறையடி எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் பிரதியெடுத்து அனுப்புங்கள். பாதை ஓட்டியவர்கள், தோணி செய்தவர்கள், கரையில் மீன் விற்ற அம்மாமார் சொல்வதை வீட்டுப் பிள்ளைகள் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. வருகிற இதழ்களில் அவற்றுக்குப் பக்கங்கள் ஒதுக்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்