பலகைப் போர்

சென்ற கோடை விடுமுறையில் யாம் நால்வர் காரைக்காலில் ஒரு பெரும்போரைத் தொடங்கினோம். விடுமுறை கழிந்து, கல்லூரி திறந்து, இவ்வியாசம் அச்சுக்குச் செல்லும் இந்நாள்வரையும் அப்போர் முடிவுற்றிலது. எம்முள் ஒருவனுடைய தமையனார் பிரான்சு தேசத்தில் அலுவல் பார்ப்பவர். விடுப்பில் வந்தபோது தம்பிக்கென ஒரு பெரும்பெட்டி கொணர்ந்தார். 1805-ஆம் ஆண்டில் நெப்போலியன் ஆஸ்திரியரையும் ரஷியரையும் எதிர்த்து நடத்திய படையெடுப்பைத் தேசப்படத்தின்மேல் நடத்திக் காட்டும் ஆட்டம் அதனுள் இருந்தது. பெட்டியைத் திறந்த அன்று எமக்குண்டான மகிழ்ச்சி பெரிது. விதிநூலைத் திறந்த மறுநாள் எமக்குண்டான மலைப்பு அதனினும் பெரிது. இவ்விரண்டின் காரணத்தையும் ஆராய்ந்து, எம் கருத்தொன்றை அன்பர்கள்முன் வைப்பதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

இவ்வகை ஆட்டத்தைக் கண்டிராதார் பொருட்டுச் சில சொல்வோம். தேசப்படம் முழுதும் தேன்கூட்டின் அறைகள்போல அறுகோணக் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு படையும் ஒரு சிறு அட்டைக் காய். அதன்மேல் வலிமையும் நடைவேகமும் எண்களாற் பொறிக்கப்பட்டிருக்கும். ஆற்றைக் கடக்க இத்துணை, மேட்டில் ஏற இத்துணை, மழை பெய்யின் இத்துணை என்று ஒவ்வொன்றிற்கும் கணக்குண்டு. பகடை உருட்டிப் பட்டியைப் பார்த்துப் போரின் முடிவை அறிதல்வேண்டும். ஒரு விதிக்குப் பல விலக்குகள், விலக்கிற்கும் விலக்குகள். தொல்காப்பியத்திற்கு உரைகண்டார் பலரையும் ஒருங்கே வைத்துப் படிக்கும் தமிழ் மாணாக்கராகிய எமக்கே தலைசுற்றிற்று என்றால் பிறரைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

இஃது நேற்று முளைத்த ஆட்டமன்று. பிரஷிய நாட்டுப் படையலுவலராகிய ரைஸ்விட்ஸ் என்பார், படைத்தலைவர் பயிற்சிக்கென்று, நிலப்படமும் சிறு கட்டைகளும் பகடையும் கணக்குப் பட்டிகளும் கொண்ட போர் ஆட்டமொன்றின் விதிகளை 1824-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாளடைவில் விதிகள் பெருகின; ஆடுவோர் அவற்றுள் அமிழ்ந்தனர். 1876-இல் வெர்தி து வெர்னுவா என்னும் மற்றொரு பிரஷியத் தலைவர், பட்டிகளை ஒதுக்கிவிட்டுப் பட்டறிவுடைய நடுவர் ஒருவரின் தீர்ப்பையே கொள்ளலாம் என்றார். ஆகவே, விதி மிகுந்தது என்னும் முறையீடு எம்மிடத்தில் முதன்முதல் எழுந்ததன்று. பின்னர் 1954-இல் அமெரிக்கராகிய சார்ல்ஸ் ராபர்ட்ஸ் என்பவர் பொதுமக்கள் விலைகொடுத்து வாங்கி வீட்டில் ஆடத்தக்க பலகைப் போர் ஒன்றை வெளியிட்டார். அன்றுதொட்டு இவ்வினம் பெருகிவருகின்றது.

இவ்வினத்தின் எவரெஸ்ட்டுச் சிகரம் என்று சொல்லத்தக்கது ரிச்சர்டு பெர்க் என்பார் அமைத்து 1979-இல் வெளிவந்த வடஆப்பிரிக்கப் படையெடுப்பு என்னும் ஆட்டம். 1940 முதல் 1943 வரை அப்பாலைநிலத்தில் நிகழ்ந்த போரே அதன் பொருள். தேசப்படத்தின் நீளம் ஏறத்தாழப் பத்தடி. ஆடுவோர் பக்கத்திற்கு ஐவராகப் பதின்மர் வேண்டும். முழுதும் ஆடிமுடிக்க ஏறக்குறைய 1,500 மணி நேரம் செல்லும் என்பர். நாள்தோறும் மூன்று மணி நேரம் தவறாது ஆடினும் ஓராண்டு கடந்து நான்கு மாதம் ஆகும் என்று எம் கணித நண்பன் கணக்கிட்டான். எரிபொருள் வெயிலில் ஆவியாகிக் குறைவதற்கும் அதில் விதி உண்டு. இத்தாலியப் படையினர் தம் மாவுணவை வேகவைத்தற்கு மிகுதியான தண்ணீர் வேண்டும் என்றொரு விதியும் உண்டு. அதனை நகைச்சுவைக்காகவே சேர்த்ததாகப் பெர்க்கே பிற்காலத்தில் கூறினார். பலர் அதனை மெய்யென்றே கொண்டு தண்ணீரைக் கணக்கிட்டு வந்தமைதான் வியப்பு! விதியின் காட்டில் புகுந்தவனுக்கு எது மெய், எது நகை என்பதும் புலப்படாது போலும்.

எம் ஆட்டம் அத்துணைப் பெரிதன்று. ஆயினும் அது தந்த துன்பம் சிறிதன்று. கூடத்துத் தரை முழுதையும் தேசப்படம் அடைத்துக்கொண்டமையால் வீட்டிற்கு வந்த விருந்தினர்க்குப் பாய் விரிக்க இடமில்லாதாயிற்று. ஒரு மாலைப்பொழுதில் சாளரத்தைத் திறந்துவைத்த பிழைக்காகக் கடற்காற்றுப் புகுந்து ரஷியப் படையில் ஒருபகுதியைக் கட்டிலின்கீழ்க் கொண்டுசேர்த்தது. அவற்றைத் தேடியெடுத்தபின், எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதில் வழக்கு மூண்டது. அவ்வழக்கு இரண்டு நாள் நடந்தது. ஒருவன் ஒரு நாழிகை சிந்தித்து ஒரு காயை நகர்த்துவான். மற்றவன் விதிநூலைப் புரட்டி, அந்நகர்த்தல் செல்லாது என்பான்.

அற்றேல், எழுந்து கேரம் பலகையை நாடாது மீண்டும் மீண்டும் அத்தேசப்படத்தின்முன் குந்தியது ஏன்? சதுரங்கம் இல்லையா என்று வினவுவாரும் உளர். சதுரங்கம் எம் டெல்டாவிற்குப் புதியதன்று. நீடாமங்கலத்தை அடுத்த பூவனூர்க் கோயிலின் இறைவர்க்குச் சதுரங்க வல்லபநாதர் என்றே பெயர் வழங்குகின்றது. அதன் அழகை யாம் மறுக்கவில்லை. ஆயின் சதுரங்கக் குதிரைக்குக் கொள்ளு வேண்டா. யானைக்குத் தழை வேண்டா. காலாள் பசித்திரான், வழியில் நோயுறான். எம் ஆட்டத்திலோ, வெற்றிமுகத்தோடு விரைந்த படை மூன்றாம் நாள் ரொட்டியின்றி நின்றது. அவ்விடத்தில் எமக்கு ஓர் அறிவு பிறந்தது. அதனை எம் ஊரின் வரலாற்றைக்கொண்டே விளக்குவோம்.

1758-ஆம் ஆண்டு ஏப்ரலில் லாலி பிரபு பிரெஞ்சுப் படைத்தலைவராகப் புதுச்சேரியில் வந்திறங்கினார். ஜூன் மாதத் தொடக்கத்தில் கூடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைப் பிடித்தார். பின்பு, பழைய கடனொன்றைத் தண்டும் பொருட்டுத் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாபசிங்கின்மேல் படைசெலுத்தி, காரைக்கால் வழியாகத் தஞ்சை சேர்ந்து முற்றுகையிட்டார். ஆகஸ்டு மாதத்தில் முற்றுகையைக் கைவிட்டுப் பட்டினியும் சோர்வுமாகக் காரைக்காலுக்கே திரும்பினார். லாலி தஞ்சையை முற்றுகையிட்டுத் தோற்றார் என்று ஒருவரியில் யாம் முன்னர்ப் படித்ததுண்டு; தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதும் உண்டு. ஆயின் ஒருதிங்கள் அட்டைப் படைகளுக்கு ரொட்டிக் கணக்கு எழுதியபின் அவ்வரியைப் படித்தபோது, வண்டி எத்தனை, மாடு எத்தனை, நெல்லைக் குற்றியது யார் என்ற வினாக்கள் தாமே எழுந்தன. விடை வரலாற்று நூல்களில் இருந்தது. வண்டியும் மாடும் உணவும் முன்கூட்டிச் சேர்க்கப்படவில்லை. சுமை தூக்க ஆளின்றிப் புதுச்சேரி மக்களைச் சாதி முறைமை பாராது கட்டாயமாகப் பிடித்தனர். அதனால் வெறுப்பு மூண்டது. வெடிமருந்தும் குறைந்தது. ஆகஸ்டு 3-ஆம் நாள் இக்கடலிலேயே ஆங்கிலக் கப்பல்களோடு நிகழ்ந்த போருக்குப்பின் பிரெஞ்சுக் கப்பற்படையின் துணையும் கிட்டாதாயிற்று. நெல் விளையும் நாட்டின் நடுவே ஒரு படை பசியாற் பின்வாங்கிற்று. 1760 ஏப்ரலில் காரைக்காலும், 1761 ஜனவரியில் பட்டினியால் வாடிய புதுச்சேரியும் ஆங்கிலேயர் வசமாயின. லாலி பாரிஸ் மாநகரில் 1766-இல் தலை வெட்டுண்டார்.

வாள் வீச்சைப் பாடுவது எளிது. சோற்றுக் கணக்கை எழுதுவது அரிது. வள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் உணவு நிறைந்திருத்தலை அரணின் இலக்கணமாக வைத்தது ஏன் என்பது யாம் உரைநூலில் படித்தறிந்ததைக் காட்டிலும் அக்கூடத்துத் தரையில் தெளிவாயிற்று. போருக்குப் புறப்படும் அரசன் முன்னர் உட்கார்ந்து, தன் பதினாயிரவர் எதிரியின் இருபதினாயிரவர்க்கு ஈடாவரோ என்று ஆலோசிக்கவேண்டுவதைக் குறித்து லூக்கா சுவிசேஷத்தில் ஆண்டவர் சொன்ன உவமையும் எம் நினைவிற்கு வந்தது. அவ்வாறு உட்கார்ந்து எண்ணும் பொறுமையையே இவ்வாட்டம் கற்பிக்கின்றது. ஆதலின் இதன் சிக்கலைக் குறை என்று சொல்ல எமக்கு மனமில்லை. சிக்கலை நீக்கின் படிப்பினையும் உடன் நீங்கும்.

நிற்க. எம் வீதியில் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் உளர். ஊரார் அவரைச் சொல்தா என்பர். யாம் தாத்தா என்போம். ஒருநாள் அவர் எம் ஆட்டத்தைக் காண வந்து, நெடுநேரம் நின்றார். பின்பு தம் கைத்தடியால் ஒரு கட்டத்தைச் சுட்டி, “தம்பிமாரே, இந்தக் கட்டத்தில் ஊர் ஒன்று போட்டிருக்கிறதே, ஊரிலே ஆட்கள் எங்கே?” என்றார். எம்முள் ஒருவன் விதிநூலைப் பார்த்து, “தாத்தா, ஊர் என்றால் காப்போருக்கு வலிமை ஒன்று கூடும், அங்கே தங்கும் படைக்கு இரண்டு நாள் தீனி கிடைக்கும்” என்று விடையிறுத்தான். அவர் சிரிக்கவில்லை. அல்ஜீரியாவில் தாம் காவலிருந்த மலைச்சிற்றூர் ஒன்றை ஒரே காலையில் வெறுமையாக்கினார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போயினார். அன்று யாம் ஆட்டத்தைத் தொடரவில்லை.

அவர் வினாவிற்கு விடை தேடியபோதுதான் எம் குறை இன்னதென்று விளங்கிற்று. விதி மிகுந்தது என்பதன்று எம் குறை. விதி ஒருபக்கமே மிகுந்தது என்பதே. குதிரை எத்தனை நாள் தீனியின்றி நடக்கும் என்பதற்கு விதி உண்டு. அத்தீனியைப் பறிகொடுத்த ஊர் மறுமாதம் எதனை உண்ணும் என்பதற்கு விதி இல்லை. காரைக்காலினின்று தஞ்சை செல்லும் வழியில் கீவளூர்க் கோயிலை லாலியின் படை கொள்ளையிட்டது. ஒற்றர் என்று ஐயுற்று அந்தணர் அறுவரைக் கொன்றது. அந்நிகழ்ச்சியைப் பலகையில் எந்த எண்ணால் குறிப்பது?

இவ்விடத்தில் எம் தமிழ்நூலை நினைந்து பெருமிதம் கொள்ளுதல் தவறாகாது. தொல்காப்பியப் புறத்திணையியல் போருக்கு வகுத்த விதிநூலே என்னலாம். ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கொள்ளப் படையெடுத்தல் வஞ்சி, அரண் முற்றலும் காத்தலும் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை, புகழ் பாடாண். இவற்றிற்குத் துறைகளும் பல உள. எம் பிரெஞ்சு ஆட்டத்தின் பட்டிகளுக்கு இப்பாகுபாடு நுணுக்கத்தில் இளைத்ததன்று. ஆயின் அவ்வாட்டத்தில் இல்லாத திணையொன்று இதில் உண்டு, அதுவே காஞ்சி. நிலையாமையைச் சொல்வது அது. வீழ்ந்த கணவனுடைய உடலின்முன் மனைவி அரற்றுவதும் அதன் துறைகளுள் ஒன்று. அதனைப் போர் முடிந்தபின் சேர்த்த பின்னுரையாக ஆசிரியர் வைத்தாரில்லை. வாகைக்கும் பாடாணுக்கும் இடையே, ஏனைய திணைகளோடு ஒப்பவே வைத்தார். காஞ்சியை விடுத்துப் போரை முழுதாகச் சொல்லுதல் இயலாது என்பதே அவ்வைப்புமுறையின் கருத்து என்று யாம் கொள்கின்றோம்.

ஆட்டம் ஆட்டமே அன்றோ, இதில் இத்துணை அழுகை எதற்கு என்று சில நண்பர் எம்மை நகைத்தனர். அழவேண்டும் என்று யாம் சொல்லவில்லை. தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் கணக்கு வைக்கும் ஆட்டம் மெய்ம்மையைக் காட்டுவதாகத் தானே உரிமை கொண்டாடுகின்றது. அவ்வுரிமையின்பேரில்தான் எம்மிடம் பல நூறு மணி நேரத்தைக் கேட்கின்றது. அங்ஙனமாயின் கணக்கை முழுதும் காட்டுக என்று கேட்பது எமக்கும் உரிமையே. பாலைநிலத்துப் போரில் நான்காம் இந்தியப் படைப்பிரிவு பொருதது. அதில் மடிந்த நம் நாட்டவரை அட்டைக் காயின்மேல் ஓர் எண்ணாக மட்டும் பார்த்துப் பழகிய கண், நாளை செய்தித்தாளில் வரும் எண்ணையும் அவ்வாறே பார்த்துச் செல்லும். எம் அச்சம் இதுவே.

ஆதலின் யாம் ஒரு முயற்சியில் தலைப்பட்டிருக்கின்றோம். 1758-ஆம் ஆண்டுப் படையெடுப்பையே பொருளாகக் கொண்டு, புதுச்சேரி முதல் தஞ்சை ஈறாக ஒரு தேசப்படம் வரைந்து, தமிழில் விதி எழுதி ஓர் ஆட்டம் அமைக்க எண்ணுகின்றோம். படைக்கு ஒரு கணக்கேடு. ஊர்களுக்கு மற்றொரு கணக்கேடு. படை ஓரூரில் நெல் எடுப்பின் அஃது ஊரேட்டிலும் எழுதப்படும்; ஆட்ட முடிவில் இரண்டையும் வைத்தே வென்றவர் யார் என்று தீர்க்கப்படும். புதுச்சேரியில் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736-இல் தொடங்கி 1761 வரை தமிழிலேயே எழுதிவைத்த நாட்குறிப்பு எமக்குப் பெருந்துணையாகும் என்று நம்புகின்றோம்.

ஆயின் முதலடியிலேயே தடை நேர்ந்திருக்கின்றது. தன் விதைநெல்லை இழவாது ஓர் ஊர் எத்தனை கலம் நெல் தரக்கூடும் என்பதில் எம் நால்வர்க்குள்ளும் ஒற்றுமை இல்லை. ஒருவன் நூறு என்கின்றான், மற்றொருவன் பத்தும் கூடாது என்கின்றான். வேளாண் குடியிற் பிறந்து நெற்கணக்கு அறிந்த மாணவ நண்பர் எவரேனும் விடுதியில் எம்மை வந்து காண்பரேல் பெரிதும் நன்றியுடையோம். பழைய பெட்டியும் அங்கேதான் இருக்கின்றது. ஆஸ்திரியப் படை இன்னும் ரொட்டிக்காகக் காத்துநிற்கின்றது. விரும்புவோர் அதனையும் தொடர்ந்து நடத்தலாம்.